வேலியில் இருக்கட்டும், சட்டியில் வேண்டாம்

பொரளை,
கொழும்பு 8.

அன்பு மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பதிலையும் அதிலேயே பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ கேட்டது பஸ்ஸில் போகும்போது அரைக்காதால் கேட்கிற விஷயமில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். இருந்து வாசி.

கிளுவங் கதியாலைச் சுற்றி ஏறியிருப்பது ஈச்சுரமூலிதான். காய்ந்து வெடித்த காய் ஒன்று படத்தில் இருக்கிறபடியால் சந்தேகமில்லை. காம்புப் பக்கமிருந்து ஆறாகப் பிளந்து உறி போலத் தொங்குகிற காய், நம்மூர் வேலிகளில் ஏறுகிற வேறெந்தக் கொடிக்கும் இல்லை. அதற்குள்ளே தட்டையான விதைகள் அடுக்காக இருக்கும். காற்று அடிக்க அடிக்கப் பறந்துபோகும்.

உன் கேள்வி இதுதான். இந்தக் கொடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயைத் தரும் என்று உன் சித்த வைத்திய வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அம்மாவோ, அப்பப்பா நட்ட கொடி, கைவைக்காதே என்கிறா. அப்பப்பாவின் வைத்தியக் கொப்பியிலோ காய்ச்சலுக்கும் விஷக்கடிக்கும் சொன்ன குடிநீர்களில் இதன் வேர் வருகிறது. பிடுங்கி எரிப்பதா, கொப்பியில் உள்ளபடி காய்ச்சுவதா?

இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வகுப்பில் சொன்னதை எடுப்போம். அது முழுக்கச் சரி. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பதால் நான் மேலைத்தேய மருத்துவத்துக்குச் சாய்ந்து பேசுகிறேன் என்று உன் அப்பா சொல்லக்கூடும். சொல்லட்டும். நடந்ததைக் கேள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில், உடம்பு மெலியச் சிகிச்சை செய்யும் ஓரிடத்துக்குப் போன பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதுபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இளவயதுக்காரர்கள். அதற்கு முன் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லாதவர்கள். வான்ஹெர்வெகெம் என்ற சிறுநீரக வைத்தியரும் கூட இருந்தவர்களும் துருவிப் பார்த்து 1993இல் அதை எழுதினார்கள். அந்தப் பெண்கள் விழுங்கிய மருந்தில் ஸ்டெபானியா என்ற சீன மூலிகை இருந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் இருந்ததோ நம்முடைய ஈச்சுரமூலிக்குச் சீனத்து உறவான ஒரு செடியின் வேர்த்தூள். இரண்டு வேரும் சந்தையில் ஏறத்தாழ ஒரே பெயரில் விற்பவை. மூட்டை மாறியதை யாரும் கவனிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அதோடும் விடவில்லை. சில ஆண்டுகள் போனபின் அவர்களில் பலருக்குச் சிறுநீர் வழியில் புற்றுநோய் கண்டது.

இது மாத்திரை செய்தவர்களின் பிழைதானே என்று நீ கேட்கலாம். அப்படியானால் டான்யூப் ஆற்றின் கிளைகளை அண்டிய ஊர்களைப் பார். குரோஷியா, பொஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா நாடுகளில் சில கிராமங்களில் மட்டும், அதிலும் சில வீடுகளில் மட்டும், சிறுநீரகம் சுருங்கிச் சாகிற நோய் ஒன்று 1950களிலிருந்தே பேசப்பட்டது. பரம்பரை என்றார்கள், தண்ணீர் என்றார்கள். கோதுமை வயலில் களையாக முளைக்கிற இதே குடும்பத்துச் செடியின் விதை அறுவடையோடு கலந்து மாவாகி, பாணாகி, வருடக்கணக்காக வயிற்றுக்குள் போனதுதான் காரணம் என்று 1969இலேயே ஒருவர் சொன்னார். அதை உறுதிப்படுத்தச் சான்று கிடைக்க 2007 வரை ஆனது. அவர்கள் அதை மருந்தென்று தொட்டதே இல்லை.

அரிஸ்டோலோக்கிக் அமிலம் உடம்புக்குள் உருமாறிப் போய் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் அடினின் இருக்க வேண்டிய பக்கம் தைமின் விழுகிறது. இந்த மாதிரிப் பிழை வேறு காரணங்களால் வருவது அரிது. அதனால் ஒரு புற்றுக்கட்டியை எடுத்துப் படித்தாலே இது யாருடைய வேலை என்று சொல்லிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இந்தக் குடும்பத்து மூலிகை சேர்ந்த மருந்துகளை 2002இல், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. ஈச்சுரமூலியைச் சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். வடமத்திய மாகாணத்து விவசாயிகளைத் தின்னும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோயை விசாரித்தவர்கள், தண்ணீர், பூச்சிமருந்து, வெயில் என்று போன வரிசையில் சப்சந்த சேர்ந்த நாட்டு மருந்துகளையும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் கேள்வி கேட்டது நியாயம்.

இனி, நீ எழுதாமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். அப்படியானால் அப்பப்பா சனத்துக்கு நஞ்சு கொடுத்தாரா?

இதை நிதானமாக யோசி. ஒரு பரியாரியாரின் அனுபவம் எதைக் காணும்? மருந்து கொடுத்த அன்றோ மறுநாளோ, ஒரு கிழமையிலோ நடப்பதைக் காணும். வாந்தி எடுத்தால் தெரியும், காய்ச்சல் இறங்கினால் தெரியும், வயிறு எரிந்தால் நோயாளியே படலையில் வந்து நின்று சத்தம் போடுவான். அந்த வகைக் கவனிப்பில் நம்முடைய முன்னோரை மிஞ்ச ஆளில்லை. சேராங்கொட்டையையும் எட்டியையும் கையாளத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் இன்று குடித்த குடிநீர் பத்துப் பதினைந்து வருடம் கழித்துச் சிறுநீரகத்தைச் சுருக்கினால், அந்த நோயாளி அதற்குள் வேறூர் போயிருப்பான், அல்லது பெரியாஸ்பத்திரியில் கிடப்பான். அந்த மரணம் பரியாரியாரின் திண்ணைக்குத் திரும்பி வராது. வராததை அவர் எப்படிக் கணக்கில் எழுதுவார்? பரராசசேகரம் போன்ற பழைய வைத்திய நூலைத் தொகுத்தவர்களுக்கும் இதே எல்லைதான். இதை அவர்களுடைய அறியாமை என்று நீ சொல்லக்கூடாது, அவர்களுடைய ஞானத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்றும் சொல்லக்கூடாது. பின்னால் பிறந்த உனக்குக் கணக்கின் மிச்சப் பக்கம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டும் பழைய பக்கத்தில் உள்ளபடி காய்ச்சினால் அப்போது குற்றம் உன்னுடையது.

பாம்புக்கடிக்கு இந்த வேருக்கு இருக்கிற பேரும் அப்படி வந்ததுதான். நம்மூரில் கடிக்கிற பாம்புகளில் பல சாரையும் தண்ணீர்ப் பாம்புமாக இருக்கும். நாகமோ புடையனோ கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷம் இறங்குவதில்லை. அந்த நோயாளிக்கு எதைக் கொடுத்தாலும் பிழைப்பான், கொடுத்த வேருக்குப் பேர் வரும். உன் கண்முன்னே யாரையாவது பாம்பு கடித்தால் வேரைத் தேடி வளவுக்குள் நடக்காதே. காலை அசைக்கவிடாமல் கிடத்தி, வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. சித்த வைத்தியம் படிக்கிற பிள்ளை இப்படிச் செய்தால் ஊர் சிரிக்கும் என்று நினைக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை.

சரி, இவ்வளவு கொடியது என்றால் பிடுங்கி எரித்தால் என்ன? இங்கேதான் நீ வகுப்பிலிருந்து வெளியே வந்து வேலிக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நிற்க வேண்டும்.

அந்த அமிலம் உனக்கோ எனக்கோ, அப்பப்பாவின் குடிநீர்ச் சட்டிக்கோ உண்டானதல்ல. எழுந்து ஓடமுடியாத ஒரு கொடி, தன்னை மேய வருகிற ஆட்டையும் அரிக்க வருகிற பூச்சியையும் விலக்கச் செய்துவைத்த காரியம் அது. பெரும்பாலான வாய்கள் விலகிவிடுகின்றன. விலகாத ஒன்று உன் படத்திலேயே இருக்கிறது. ஓர் இலையின் அடியில் கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் சதைமுள் முளைத்த புழுவைப் பார்த்து மசுக்குட்டி என்று எழுதியிருக்கிறாய். அது மசுக்குட்டி இல்லை. மயிர் கிடையாது, சுணைக்காது. நெருப்புப் பந்தத்தோடு போய்விடாதே. தமிழ்நாட்டில் பூச்சி பார்க்கிறவர்கள் சிவப்புடல் அழகி என்று பெயர் வைத்திருக்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. கறுத்த சிறகு, வெள்ளைப் பட்டை, செம்புள்ளி, இரத்தச் சிவப்பில் உடம்பு. யாழ்ப்பாணத்து வளவுகளில் நீ எத்தனையோ முறை கண்டிருப்பாய்.

தாய்ப்பூச்சி முட்டை வைக்கும் முறையை ஒருநாள் காலையில் பார். இலையில் வந்து இறங்கி முன்னங்கால்களால் தட்டும். அந்தக் கால்களில் சுவையறியும் உறுப்பு இருக்கிறது. ஈச்சுரமூலிக் குடும்பத்து இலைதானா என்று இரசாயனத்தை வைத்தே தெரிந்துகொள்ளும். பிறகுதான் செம்மஞ்சள் முட்டை. பொரித்து வரும் புழு வேறெந்த இலையையும் தின்னாது. தின்னும் இலையிலுள்ள நஞ்சை வெளியேற்றாமல் தன் உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது. கூட்டுக்குள்ளும் அது போகிறது, சிறகு முளைத்த பிறகும் அது உடம்பில் நிற்கிறது. குருவி ஒன்று தெரியாமல் கொத்தினால் துப்பிவிடும். மறுமுறை அந்தச் சிவப்பைக் கண்டாலே திரும்பிவிடும். அந்தப் பூச்சி ஏன் அவசரமில்லாமல், யாரும் துரத்தமாட்டார்கள் என்பதுபோலப் பறக்கிறது என்று இப்போது விளங்கும்.

இன்னும் இருக்கிறது. அடுப்படிக்குப் பின்னால் உள்ள கறிவேப்பிலையிலும் தேசி மரத்திலும் வேறொரு பூச்சி வளர்கிறது. அதற்குப் பெயரே கறிவேப்பிலை அழகி. அதன் உடம்பில் இந்த நஞ்சு துளியும் கிடையாது, குருவிக்கு அது நல்ல சாப்பாடு. ஆனால் அதன் பெண்களில் ஒரு பகுதி, நஞ்சுள்ள சிவப்புடல் அழகியின் வேஷத்தையும், இன்னொரு பகுதி அதன் தங்கையான ரோஜா அழகியின் வேஷத்தையும் போட்டுக்கொண்டு பறக்கின்றன. மிச்சப் பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். ஒரே தாய் வயிற்றில் இத்தனை கோலமா என்று முதலில் வியந்து எழுதியவர்களில் வாலஸ் ஒருவர், 1865இல். டார்வினோடு சேர்ந்து பரிணாமத்தைச் சொன்ன அதே வாலஸ். ஒரேயொரு மரபணுவின் வேறுபாடுகளே இந்த வேஷத்தை முடிவுசெய்கின்றன என்று கிருஷ்ணமேக் குண்டேயும் கூட்டாளிகளும் கண்டு 2014இல் வெளியிட்டார்கள்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கறிவேப்பிலை அழகி ஈச்சுரமூலியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அது உயிரோடு இருப்பதில் இந்தக் கொடிக்குப் பங்கு உண்டு. உண்மையிலேயே நஞ்சுள்ள பூச்சியைக் கொத்திப் பார்த்துக் கைத்துப்போன குருவி அந்த வளவில் இருக்கும்வரைதான் வேஷம் பலிக்கும். நீ கொடியைப் பிடுங்கினால் சிவப்புடல் அழகி வேறு வளவு தேடிப் போகும். அடுத்த வருடம் குஞ்சு பொரித்து வரும் குருவிகளுக்குச் சிவப்பென்றால் என்னவென்று தெரியாது. பிறகு வேஷக்காரியின் பாடு? எங்கோ வேலியில் பிடுங்கியதற்கு அடுப்படியில் உள்ளவள் விலை கொடுப்பாள்.

இங்கே ஈரவலயத்துப் பக்கம் இதே கொடியை நம்பி இன்னும் பெரிய ஒருத்தி இருக்கிறாள். கறுப்பும் பொன்மஞ்சளுமாக, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளிலேயே பெரியவள். இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவள். தேசிய வண்ணத்துப்பூச்சி என்று அவளைத்தான் சொல்கிறார்கள். கொழும்பைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிக்காகவே தோட்டம் வைக்கிற ஆட்கள் சப்சந்தக் கொடியைத் தேடிப்போய் வாங்கி நடுகிறார்கள். நீ எரிக்கப் பார்க்கிறாய்.

பூவையும் விட்டுவிடாதே. சின்னதுதான், மணக்காது, சாமிக்கு யாரும் பறிக்கமாட்டார்கள். அடியில் குமிழ், நடுவில் குழாய், மேலே ஒருபக்கம் நீண்ட நாக்கு. சிறு ஈ ஒன்று உள்ளே போனால் குழாயின் உட்புறத்து மயிர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வெளியே வரமுடியாது. முதலில் பெண்ணுறுப்பு முதிர்ந்திருக்கும். ஈ முன்பே வேறொரு பூவில் பூசிக்கொண்டு வந்த மகரந்தம் அதில் படும். பிறகு மகரந்தப் பை வெடித்து ஈயின் மேல் கொட்டும். அதன் பின்னர்தான் மயிர்கள் வாடி வழிவிடும். கைதியைக் கொல்லாமல், வேலை வாங்கிக்கொண்டு விடுதலை செய்கிற சிறை.  

நான் இருக்கிற பொரளையைப் பற்றி இன்னொன்று. ஆயுர்வேதச் சந்தி என்று பஸ்ஸில் கத்துகிற இடம் எனக்கு நடைதூரம். கொழும்பில் 1929இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியின் வழித்தோன்றலாக அங்கே பெரிய ஆயுர்வேத ஆஸ்பத்திரி நிற்கிறது. பொரளைக்குள்ளேயே மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது, சிறுவர் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. இத்தனையும் சில பஸ் தரிப்பிடங்களுக்குள். ஒரே நோயாளி காலையில் ஒன்றுக்கும் பின்னேரம் மற்றதற்கும் போவதை நான் கண்டிருக்கிறேன். அங்கே குடித்ததை இங்கே சொல்வதில்லை, இங்கே விழுங்கியதை அங்கே சொல்வதில்லை. கேட்டால் ஏசுவார்கள் என்று பயம். நீ வைத்தியராகி உட்காரும்போது உன் முன்னே வருகிறவர் எல்லாவற்றையும் அச்சமில்லாமல் சொல்லும்படி நடந்துகொள். பழைய குடிநீர், கடைத்தூள், தனியார் கிளினிக்கில் கொடுத்த குளிசை, எல்லாம். சிறுநீரக வருத்தக்காரர் என்றால் சப்சந்த என்றும் ஈச்சுரமூலி என்றும் இரண்டு பெயரையும் சொல்லிக் கேள்.

சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்று உனக்குச் சொல்லப்போகிறவர்கள் வருவார்கள். மரியாதையாகக் கேள். பிறகு, போய்விட்டது என்பதை எதைக்கொண்டு அளந்தீர்கள் என்று கேள். இந்த அமிலம் கொதிநீரில் முழுதாக அழிவதில்லை. குறைவதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. அளந்து காட்டும்வரை இந்த ஒரு வேரை உன் சட்டியில் போடாதே. காய்ச்சலுக்கு நிலவேம்பு இருக்கிறது, பற்படாகம் இருக்கிறது. ஒரு வேரை ஒதுக்கினால் சித்தம் இடிந்து விழாது.

மருந்துச் சரக்கு வாங்கப் புறக்கோட்டை கேபோஸ் லேனுக்கு நீ வரும் நாளில் என்னையும் கூப்பிடு. நல்ல கடைகள் இருக்கின்றன. ஆனால் காய்ந்து துண்டாக்கிய வேருக்கு முகம் கிடையாது என்பதை நினைவில் வை. பிரசெல்ஸில் மாறியது மூட்டைதான். கேபோஸ் லேனில் மரமஞ்சளையும் பார்க்கலாம், சிங்களத்தில் வெனிவெல்கெட்ட. ஈரக்காட்டில் மெதுவாக வளர்கிற கொடி. நட்டு வளர்ப்பவர் குறைவு, வெட்டி விற்பவர் அதிகம். மரமஞ்சளுக்கு மனிதர் வைக்கிற ஆசையால் கேடு, உன் வேலிக் கொடிக்கு மனிதர் படுகிற பயத்தால் கேடு.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கதியால் வெட்ட ஆள் வரும்போது இந்தக் கொடி நிற்கும் பகுதியை விட்டுவிடச் சொல்லி முன்னதாகவே சொல்லிவை. அம்மாவிடம் விவரமாகப் பேசு. இலையையோ வேரையோ யாரும் கேட்டு வந்தால் கொடுக்கவேண்டாம் என்றும், அயல் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்கவேண்டும் என்றும் சொல். பூவும் காயும் சேர்ந்த ஒரு சிறு கொம்பைப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்து நன்றாக அழுத்திக் காயவிடு. தாளிலே ஊர், திகதி, எந்த மரத்தில் ஏறியிருந்தது, பூவின் நிறம் எல்லாவற்றையும் எழுது. நிறம் காய்ந்தால் போய்விடும். உன் பீடத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரச் சாலைக்குக் காட்ட வழியிருக்கிறதா என்று உன் ஆசிரியர்களிடம் கேள்.

அப்பப்பாவின் கொப்பியில் ஈச்சுரமூலி வரும் இடங்களைக் கிறுக்கி அழிக்கவேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். பக்கத்தில் பென்சிலால், இன்ன காரணத்தால் இதைக் கொடுப்பதில்லை என்று எழுதித் திகதி போடு. கீழே உன் கையெழுத்தும் இருக்கட்டும். உனக்குப் பின்னால் அதை எடுக்கிற பிள்ளைக்கு இரண்டும் தெரியவேண்டும். கொப்பியை முழுதாகப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு. கட்டுவதற்குக் கடையில் கொடுத்தால் ஓரத்தை வெட்டவேண்டாம் என்று இரண்டுதரம் சொல், அப்பப்பா அளவுகளை எழுதியிருப்பது ஓரத்தில்தான்.

அன்புடன்,
பெரியப்பா